நான்கு வருடம் பயன்படுத்திய தடய லைட்: சர்வீஸிலிருந்து திரும்பி வந்த பிறகு எழுதுகிறேன்

குற்றம் நடந்த இடத்தில் கண்ணுக்கு எளிதில் தெரியாத கறைகளையும் தடயங்களையும் தேட நான் பயன்படுத்தும் லைட் போன வாரம்தான் சர்வீஸிலிருந்து வந்தது. முழுசாக ஆறு வாரம். பேட்டரி புதுசு, சுவிட்ச் புதுசு. நான் எழுதிக் கொடுத்த குறை மட்டும் அப்படியே இருக்கிறது. வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவர் அன்றைக்கே கேட்டார்: "அண்ணா, எனக்கும் இதே மாடலை வாங்கித் தரச் சொல்லி அலுவலகத்துக்குக் கேட்டு எழுதலாமா?" அவரிடம் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கையடக்க லைட், மாற்றி மாட்டும் தலைகள், 365, 415, 450, 530 நானோமீட்டர், கூடவே வெள்ளை. எண்கள் ஒவ்வொரு தலையும் தரும் ஒளியின் அலைநீளம்: 365 புற ஊதா, 450 நீலம். லைட்டின் நீல ஒளியை மறைத்து, கறையின் ஒளிர்வை மட்டும் காட்டுவதற்காகக் கண்ணில் போட, கூடவரும் ஆரஞ்சு கண்ணாடி பக்கவாட்டில் வெளிச்சத்தை விடுகிறது, பவர் கண்ணாடி போட்டவர்களுக்குச் சரியாக உட்காராது. தனியாக வேறொன்று வாங்கிக்கொண்டேன், அது தீர்ந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 450 தலைக்கு ஈடில்லை. ஒரு வீட்டில் வெள்ளைப் படுக்கை விரிப்பு. சாதாரண வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியவில்லை. 365-ஐ அடித்தால் விரிப்பு முழுக்க நீல வெள்ளையாகப் பளீரென்று எரிகிறது. சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கிறார்களே, அந்தப் பொருள் புற ஊதாவில் அப்படித்தான் ஒளிரும். 450-ஐ மாட்டி ஆரஞ்சு கண்ணாடியைப் போட்டேன். விரிப்பின் பளபளப்பு அடங்கியது. கால்மாட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு திட்டு, ஓரம் மட்டும் சற்று அழுத்தமாக, மஞ்சளாக மேலெழுந்து வந்தது. விந்துக் கறையாக இருக்கலாம் என்று குறித்து அனுப்பினோம். "இருக்கலாம்" என்ற சொல் முக்கியம். பாலும் பானமும் சில மருந்துகளும்கூட ஒளிரும். எது என்று சொல்ல வேண்டியது ஆய்வகம்தான், லைட் இடத்தைக் காட்டும், அவ்வளவே.

415-ஐயும் குறை சொல்ல மாட்டேன். ரத்தம் தானாக ஒளிராது. ஹீமோகுளோபின் அந்த அலைநீளத்தை மிக அதிகமாக உறிஞ்சிக்கொள்வதால், கறை இருக்கும் இடம் கறுத்துத் தெரியும். பூப்போட்ட பழுப்பு மெத்தையில் வெறும் கண்ணுக்கு அச்சின் புள்ளி போலவே கலந்து கிடந்த தெறிப்புகளை இதில்தான் பிரித்தெடுத்தேன்.

ஆனால் எனக்கு நிஜமாகவே ஆச்சரியம் தந்தது, யாரும் கண்டுகொள்ளாத அந்த வெள்ளைத் தலைதான். அறையை இருட்டாக்கி, லைட்டைத் தரையோடு தரையாகச் சாய்த்து வையுங்கள். மொட்டையாகத் தெரிந்த தரைக்கல்லில் தூசி எழும்பி நிற்கும், அதன் நடுவே செருப்பின் அடிப்பாக வரிகள், தேய்ந்த குதிகால் உட்பட. இதற்கு ஃபில்டரும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். இப்போது எந்த இடத்துக்குப் போனாலும், யாரும் கால் வைக்கும் முன்பு முதலில் செய்வது இதுதான்.

1977-ல் கைரேகையை லேசரில் ஒளிர வைத்துக் கண்டார்கள். அதற்குப் பயன்பட்ட ஆர்கான் லேசர்களைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, பொருள்தான் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். இன்று ஒளி சம்பவ இடத்துக்கே வருகிறது. இந்த அருமை தெரிந்ததால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

சரி, அந்தக் குறை. பேட்டரி இறங்க இறங்க இந்த லைட் மெல்ல மங்குகிறது. சிவப்பு விளக்கு இல்லை, சத்தம் இல்லை, சட்டென்று அணைவதும் இல்லை. இருட்டில் கண்ணும் கூடவே பழகிக்கொண்டு போவதால் மங்குவதே தெரியாது. இரண்டாம் வருடம் ஒரு வீட்டில், மாடிப்படி ஓரக் கம்பளத்தைப் பார்த்துவிட்டு "ஒன்றும் காணப்படவில்லை" என்று எழுதிவிட்டேன். வண்டி ஏறும்போது மனசு கேட்கவில்லை. மாற்று பேட்டரியைப் போட்டு மறுபடி போய்ப் பார்த்தால், அதே கம்பளத்தில் இரண்டு திட்டு. வண்டி கிளம்பியிருந்தால்? அதற்கு முன் நான் "இல்லை" என்று எழுதிய அறைகளை எண்ணிப் பார்த்தேன். அந்த இரவு தூக்கம் வரவில்லை.

அப்புறம் ஒரு அட்டை செய்துகொண்டேன். மஞ்சள் ஹைலைட்டரால் மூன்று கோடு: ஒன்று முழுசாக, ஒன்று தண்ணீரில் கரைத்து, மூன்றாவது வெறும் கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா என்னும் அளவுக்கு. ஒவ்வொரு அறையிலும் ஆரம்பத்திலும் முடிவிலும் 450-ஐ அதன்மேல் காட்டுவேன், ஒவ்வொரு தடவையும் ஒரே தூரத்தில். மூன்றாவது கோடு மறைந்துவிட்டால், கடைசியாகப் பார்த்த அறையை மறுபடி பார்ப்பேன். சர்வீஸிலிருந்து வந்த அன்றும் காட்டினேன். தொடர்ந்து எரியவிட்டு நாற்பது நிமிடத்தில் மூன்றாவது கோடு போய்விட்டது. கேட்டதற்கு, வடிவமைப்பே அப்படித்தான் என்றார்கள்.

ஆக, வாங்க வேண்டாம் என்றுதான் தம்பியிடம் சொன்னேன். கடைசிவரை ஒரே அளவு வெளிச்சம் தந்து, தீரும்போது எச்சரித்துவிட்டு அணையும் லைட்டாகக் கேட்டு எழுதச் சொன்னேன். அது வரும்வரை அவர் கையிலும் இதே லைட்தான் இருக்கப் போகிறது, அதனால் அவருக்கும் ஓர் அட்டையில் மூன்று கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.