கட்டைவிரல் வெளியே வரும் நொடி: பௌலிங் பந்துப் பிடிகளோடு எட்டு ஆண்டுகள்

எட்டு ஆண்டுகளாக வாரத்தில் இரண்டு நாள் பௌலிங் ஆடுகிறேன். கிரிக்கெட் பௌலிங் அல்ல; ‘லேன்’ எனப்படும் நீண்ட பாதையில் கனமான பந்தை உருட்டி, கோடியில் நிற்கும் பத்து ‘பின்’களை வீழ்த்தும் ஆட்டம். பந்தின் எடை, மேற்பரப்பு, காலணி என்று எத்தனையோ மாற்றிப் பார்த்துவிட்டேன். என் ஆட்டத்தை அடியோடு மாற்றியவை பந்தில் இருக்கும் மூன்று துளைகள். விரல் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, எந்தச் சாய்வில் இறங்குகிறது, எப்போது வெளியே வருகிறது என்பதில்தான் மற்றதெல்லாம் அடங்கியிருக்கிறது.

முதல் இரண்டு ஆண்டுகள் அரங்கில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் பந்துகளை எடுத்து ஆடினேன். அவற்றில் இருப்பது கன்வென்ஷனல் பிடி. நடுவிரலும் மோதிரவிரலும் இரண்டாம் கணு வரை உள்ளே போகும்; கட்டைவிரல் முழுவதுமாக இறங்கும். பந்து கையை விட்டுப் போகாது என்ற தைரியம் முதல் நாளே வந்துவிடுகிறது. ஆனால் பொதுப் பந்தின் துளைகள் யார் கைக்கும் பொருந்தட்டும் என்று அகலமாகப் போடப்பட்டவை. பந்து நழுவிவிடுமோ என்ற பயத்தில் கட்டைவிரல் தானாகவே மடங்கி இறுகும். கையைப் பின்னே கொண்டுபோய் முன்னே வீசும்வரை அந்த இறுக்கம் விடாது. விடவேண்டிய நேரத்தில் மடங்கிய கணு துளையின் ஓரத்தில் மாட்டும். பந்து லேனில் தொப்பென்று விழும். மூன்றாவது ஆட்டத்துக்குள் என் கட்டைவிரல் கணுவின் மேல்தோல் சிவந்துவிடும்.

பிறகு அதே கன்வென்ஷனல் பிடியில், என் கைக்கு அளவெடுத்து ஒரு பந்து துளையிட்டு வாங்கினேன். அன்று எனக்குக் கிடைத்த வியப்பை இன்றும் மறக்கவில்லை. அதுவரை 12 பவுண்டு பந்தே கனத்தது. அளவெடுத்த 14 பவுண்டு பந்து அதைவிட இலேசாகத் தோன்றியது. இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லாதபோது தோளும் முன்கையும் தளர்ந்து, பந்தின் எடையே வீச்சை நடத்திவிடுகிறது. எந்தப் பிடி நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எந்தப் பிடியானாலும் துளை உங்கள் விரலுக்குப் போட்டதாக இருக்கட்டும்.

கன்வென்ஷனல் பிடியில் மூன்று விரல்களும் ஏறக்குறைய ஒன்றாகவே வெளியேறும். அதனால் பந்துக்குச் சுழற்சி குறைவு, நேராகப் போகும். மூலையில் தனியாக நிற்கும் பின்னை வீழ்த்த இது போதும். ஸ்டிரைக்குக்கு, அதாவது முதல் வீச்சிலேயே பத்துப் பின்களையும் வீழ்த்துவதற்கு, மட்டும் போதாது. முதல் பின்னுக்கும் அதன் பக்கத்துப் பின்னுக்கும் இடையில் பந்து சுமார் 6 டிகிரி கோணத்தில் நுழைவது சிறந்தது என்பார்கள். 60 அடி தூரத்தை நேர்கோட்டில் கடக்கும் பந்தால் அந்தக் கோணத்தைத் தொட முடியாது. வளைந்துதான் வரவேண்டும்.

அதற்காகத்தான் ஃபிங்கர்டிப் பிடிக்கு மாறினேன். இதில் இரு விரல்களும் முதல் கணு வரைதான் போகும். துளைகளுக்குள் இன்செர்ட் எனப்படும் மென்மையான உறைகள் இருக்கும். கட்டைவிரல் முதலில் வெளியேற, மற்ற இரு விரல்கள் கண் இமைக்கும் நேரம் பந்தைத் தனியே ஏந்திச் சுழற்றிவிடுகின்றன. முதல் மூன்று வாரம் பெரும் சிரமம். விரல்நுனிகள் வலித்தன, பந்து எந்நேரமும் விழுந்துவிடும் போலிருந்தது. நாலாவது வாரத்தில் ஒரு நாள் கட்டைவிரல் எப்போது வெளியே வந்தது என்றே தெரியவில்லை. பந்து லேனின் ஓரமாகப் போய், கடைசி 20 அடியில் உள்ளே திரும்பியது. இன்றுவரை அந்த உணர்வுக்காகத்தான் ஆடுகிறேன்.

ஆனாலும் ஆறாம் மாதம் மோதிரவிரலின் அடியில் வலி தொடங்கியது. ஸ்பான், அதாவது கட்டைவிரல் துளைக்கும் மற்றத் துளைகளுக்கும் உள்ள இடைவெளி, என் கைக்கு அதிகமாக இருந்தது. துளைகளை அடைத்து, அரைக்கால் அங்குலம் குறைத்து மறுபடி துளையிட்டதும் இரண்டு வாரத்தில் வலி நின்றது. அரைக்கால் அங்குலம்தான்! அதே சமயத்தில் கட்டைவிரல் துளையின் சாய்வையும் மாற்றிக்கொண்டேன். துளை உள்ளங்கையை நோக்கிச் சாய்ந்தால் பந்து கையில் அதிக நேரம் தங்கும். எதிர்ப்புறம் சாய்ந்தால் சீக்கிரம் விடுபடும். எனக்கு முன்னது மாட்டிக்கொண்டே இருந்தது. பின்னதற்கு மாறியபின் கணு சிவப்பதே இல்லை.

கட்டைவிரல் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதை உணர எனக்கு வெகுநாள் பிடித்தது. குளிரில் சுருங்கும், ஆட ஆட வீங்கும். அதற்காகத் துளைக்குள் ஒட்டும் டேப் துண்டுகளை எப்போதும் பையில் வைத்திருக்கிறேன். நான்கு துண்டோடு தொடங்கினால் மூன்றாம் ஆட்டத்தில் இரண்டுதான் மிஞ்சும். பந்து மாட்டினால் ஒன்றைப் பிடுங்குவேன். இறுக்கிப் பிடிக்கத் தோன்றினால் ஒன்றைச் சேர்ப்பேன்.

கன்வென்ஷனலுக்கும் ஃபிங்கர்டிப்புக்கும் நடுவே செமி ஃபிங்கர்டிப் என்று ஒரு பிடி உண்டு. இரண்டு மாதம் ஆடிப் பார்த்தேன். துளையின் விளிம்பு கணுக்களுக்கு நடுவில் உள்ள சதையில் அழுத்துகிறது. விரல் ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்தில் நிற்பதில்லை. யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆஸ்திரேலிய பௌலிங் வீரர் ஜேசன் பெல்மான்டி ஆடுவது போல் கட்டைவிரலே போடாமல் இரு கையாலும் வீசும் முறையையும் முயன்றேன். சுழற்சி அபாரமாக வந்தது. என் இடுப்புதான் அதற்கு இணங்கவில்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். கட்டைவிரலின் உட்பக்கம் மரத்துப்போனாலோ, சுரீரென்று மின்சாரம் பாய்வது போலிருந்தாலோ ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். துளையின் ஓரம் நரம்பை மீண்டும் மீண்டும் அழுத்துவதால் வரும் தொல்லை அது. ‘பௌலர்ஸ் தம்ப்’ என்றே அதற்குப் பெயர் உண்டு. காய்ப்பு ஏறினால் சரியாகிவிடும் என்று நினைத்து ஆடிக்கொண்டே இருக்காதீர்கள். மருத்துவரைப் பாருங்கள், துளையின் விளிம்பை மழுக்கித் தரச் சொல்லுங்கள்.

இப்போது என்னிடம் இரண்டு பந்துகள் இருக்கின்றன: வளைந்து போக ஒன்று, ஸ்பேருக்கு, அதாவது முதல் வீச்சில் மிஞ்சிய பின்களை இரண்டாம் வீச்சில் வீழ்த்த, நேராகப் போகும் பிளாஸ்டிக் பந்து ஒன்று. இரண்டிலும் ஒரே ஃபிங்கர்டிப் பிடி, ஒரே ஸ்பான். முன்பு ஸ்பேர் பந்தைக் கன்வென்ஷனலாக வைத்திருந்தேன். ஒவ்வொரு முறை பந்து மாற்றும்போதும் கட்டைவிரல் குழம்பியது. ஆட்டம் முடிந்து பந்தைப் பையில் வைக்குமுன் கையை விரித்து வெளிச்சத்தில் பார்க்கிறேன். எங்கே சிவந்திருக்கிறதோ, அடுத்த முறை துளையில் அந்த இடத்தைத்தான் முதலில் தடவிப் பார்ப்பேன்.