சளிக்கு எது: கற்பூரவல்லியா, தூதுவளையா, ஆடாதோடையா?

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் எங்கள் தெருவில் மூன்று இலைகளுக்குக் கிராக்கி வந்துவிடும். எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் கற்பூரவல்லி, எதிர்வீட்டு வேலியில் தூதுவளை, வாய்க்கால் கரையில் ஆடாதோடை. "சளிக்கு எதுடா நல்லது?" என்று சித்தி போன் போட்டுக் கேட்பார். "எந்தச் சளி, யாருக்கு?" என்று நான் திருப்பிக் கேட்டால் அவருக்குக் கோபம் வரும். மூன்றும் சளி மூலிகைதானே என்பார். அங்கேதான் எனக்கும் அவருக்கும் ஒத்துவராது. இந்த மூன்றில் ஒன்று கைவைத்தியம், ஒன்று சாப்பாடு, ஒன்றுதான் மருந்து.

கற்பூரவல்லியில் தொடங்குவோம். வளர்ப்பதற்கு இதைவிடச் சோம்பேறிச் செடி கிடையாது. ஒரு கிளையை ஒடித்து மண்ணில் செருகினால் போதும். (பெயரைச் சொல்லிக் கடையில் கேட்காதீர்கள், வாழைப்பழத்தை எடுத்துக் கொடுப்பார்கள்.) தடித்த இலையைக் கசக்கினால் ஓம வாசனை அடிக்கும். ஓமத்தில் இருக்கும் தைமால் என்ற வாசனைப் பொருள் இதிலும் உண்டு, கூடவே அதே வகையைச் சேர்ந்த கார்வக்ரால். ஓமவல்லி என்ற பெயர் சும்மா வந்ததில்லை. மூக்கடைப்பு, தொண்டைக் கரகரப்பு, லேசான இருமல் வரைக்கும் இது போதும். இலையைத் தணலில் வாட்டிப் பிழிந்து, சாற்றில் தேன் கலந்து கொடுப்பது வழக்கம். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. இதன் சத்தெல்லாம் ஆவியாகிற எண்ணெயில்தான் இருக்கிறது. பாத்திரத்தைத் திறந்துபோட்டு அரைமணி நேரம் கொதிக்கவிட்டால் அடுப்படிதான் மணக்கும், டம்ளரில் பச்சைத் தண்ணீர்தான் மிஞ்சும். கற்பூரவல்லி பஜ்ஜி? அது பஜ்ஜி. மருந்துக் கணக்கில் எழுத வேண்டாம்.

தூதுவளை வேறு ரகம். கத்தரிக்காய், சுண்டைக்காய் குடும்பத்துக் கொடி. ஊதாப்பூவும் சிவந்த பழமும் பார்க்க அழகு. ஆனால் தண்டு முழுக்க வளைந்த முள், இலையைத் திருப்பினால் நரம்பு மேலும் முள். அவசரத்தில் ஒருமுறை முள்ளெடுக்காமல் அரைத்துவிட்டு, துவையலைத் துப்பித் துப்பிச் சாப்பிட்டோம். இப்போது கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இலையாக நரம்போரம் நறுக்கித்தான் எடுப்பது. நெய்யில் வதக்கினால் பச்சை வாடை போய் இலை சுருண்டு கருக்கும். அந்தப் பதத்தில் மிளகு, சீரகம், பூண்டு சேர்த்து அரைத்து ரசம் வைத்தால், மூக்கு அடைத்துக் கிடப்பவரும் இரண்டாவது கரண்டி கேட்பார். அதில் பாதி வேலையை மிளகும் சூடும்தான் செய்கின்றன என்பது என் கட்சி. வள்ளலார் தினசரி ஒழுக்கம் பற்றி எழுதியபோது கரிசலாங்கண்ணியோடு தூதுவளையையும் உணவில் சேர்க்கச் சொன்னார். அவர் அதை வைத்த இடமே சரியான இடம். வாரம் ஒருநாள் சோற்றோடு போகவேண்டிய கீரை அது. நெஞ்சில் கட்டிய சளியை ஒரே ரசத்தில் கரைத்துவிடும் என்று எதிர்பார்த்தால் கீரைமேல் பழிபோடுவதுதான் மிச்சம்.

ஆடாதோடைக்கு வருவோம். ஆடு தொடாத இலை என்று பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். சொல்லாராய்ச்சி எப்படியோ, ஆடு தொடாதது உண்மை. ஆடுமாடு கடிக்காத இலைகளைத் தேடிப் பூச்சிவிரட்டிக் கரைசல் போடுகிற விவசாயி, நொச்சி, எருக்கோடு இதையும்தான் ஒடித்துப் போகிறார். அந்தக் கசப்புக்குள் வாசிசின் என்ற ஆல்கலாய்டு, அதாவது செடி தானே உண்டாக்கும் வீரியமான வேதிப்பொருள், இருக்கிறது. கெட்டிச் சளியை இளக்கி வெளியேற்றும் புரோம்ஹெக்சின் என்ற மருந்தை 1960களில் இந்த வாசிசினை மாதிரியாக வைத்துத்தான் உருவாக்கினார்கள். இன்றைக்குக் குழந்தைகள் டாக்டர் எழுதித்தரும் சிரப்பில் இருக்கிற அம்ப்ராக்சால் அந்தப் புரோம்ஹெக்சினின் வாரிசு. வாய்க்கால் கரையில் கேட்பாரற்று நிற்கிற செடிக்கு மருந்துக்கடை அலமாரியில் இப்படி ஒரு சொந்தம்! "ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்" என்ற பழமொழி, தொண்டை திறக்கும் என்பதைத்தான் சொல்கிறது.

மருந்து என்றால் மருந்துக்குரிய பயமும் வேண்டும். வாசிசின் கருப்பையைச் சுருங்கவைக்கும். கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போகக்கூடாது. "மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை" என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். வீட்டில் கைப்பிடி கைப்பிடியாகக் காய்ச்சுவதைவிட, சித்த மருத்துவரைப் பார்த்து அவர் சொல்லும் அளவில் ஆடாதோடை மணப்பாகு குடிப்பது மேல். அது பாகு என்பதால் இனிக்கும், சர்க்கரை நோயாளிகள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2020இல் தெருத்தெருவாக ஊற்றிய கபசுரக் குடிநீர் நினைவிருக்கும். அதன் 15 சரக்குகளில் ஆடாதோடையும் உண்டு, கற்பூரவல்லியும் உண்டு. தூதுவளை இல்லை. தூதுவளைக்கு அதில் குறைச்சல் ஒன்றுமில்லை, அது சமையலறையில் இருக்கவேண்டியது.

வீட்டில் இடம் ஒன்றுக்குத்தான் என்றால் கற்பூரவல்லி வையுங்கள். வேலி இருந்தால் தூதுவளையைப் படரவிடுங்கள், முள்வேலியும் ஆச்சு, கீரையும் ஆச்சு. ஆடாதோடையைத் தொட்டியில் வைக்க நான் சொல்லமாட்டேன். ஆள் உயரம் தாண்டி வளரும் புதர் என்பது ஒரு காரணம். கைக்கெட்டினால் நினைத்தபோதெல்லாம் காய்ச்சத் தோன்றும் என்பது இன்னொன்று. காய்ந்த பொடி பாக்கெட்டுகள் பக்கம் நான் போவதில்லை. பொடியான பிறகு எது எந்த இலை என்று கண்ணால் சொல்ல முடியாது.

போன வாரம் சித்தி மறுபடி கூப்பிட்டார். வழக்கமான கேள்வி. எத்தனை நாளாக இருமல் என்று கேட்டேன். மூணு வாரம் இருக்கும், சாயங்காலமானால் உடம்பு கொஞ்சம் சுடுகிறது என்றார். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை. "மூணு இலையும் வேண்டாம் சித்தி. நாளைக்குக் காலையில ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் சளிப் பரிசோதனைக்குக் கொடுத்துட்டு வாங்க. மத்தியானம் நம்ம வீட்டுலதான் சாப்பாடு, தூதுவளை ரசம் வைக்கிறேன்" என்றேன். "முள்ளெடுத்துட்டு வை" என்றார்.