எல்லை தாண்டிய கருத்தரங்குக்கு எந்தச் செயலி? மலையகத்திலிருந்து ஒரு மதிப்பீடு

படம் தெளிவாக இருக்கிறதா, சத்தம் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துச் செயலியைத் தேர்ந்தெடுப்பது குடும்பத்தோடு கதைக்கப் போதும். பேராதனையில் ஒருவர், தெஹ்ரானில் ஒருவர், பெய்ஜிங்கில் ஒருவர், தாய்பேயில் ஒருவர், சென்னையில் ஒருவர், இஸ்லாமாபாத்தில் ஒருவர் என்று ஆய்வாளர்கள் கூடுவதானால், இந்தச் செயலி யாரை வாசலோடு திருப்பி அனுப்பும் என்பதுதான் முதற்கேள்வி. ஒரு காலத்தில் அந்த வேலையைச் செய்தது விசா அலுவலகம். 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுக்கு வரவிருந்த வெளிநாட்டுப் பேராளர் சிலருக்கு விசா கிடைக்கவில்லை. இன்று அதே வேலையை ஒரு நிறுவனத்தின் பாவனை விதிமுறை சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. அழைப்பு போய்ச் சேரும், ஆள் வரமாட்டார். "லிங்க் வேலை செய்யவில்லை" என்று ஒரு வரி மின்னஞ்சல் மட்டும் வரும்.

கண்டி, ஹற்றன், நுவரெலியா, பதுளைப் பக்கமிருந்து இப்படியான கூட்டங்களை ஒழுங்குசெய்பவர்களை மனதில் வைத்து சூம், கூகுள் மீட், ஜிட்சி, பிக்புளூபட்டன் ஆகிய நான்கையும் இங்கே பார்க்கிறோம்.

சூம்

இலங்கைப் பல்கலைக்கழகத்தாருக்குப் பழகிய வாசல் இது. 2020இல் வளாகங்கள் மூடப்பட்டபோது, பேராதனையைத் தளமாகக் கொண்டு பல்கலைக்கழகங்களை இணையத்தில் இணைக்கும் லேர்ன் வலையமைப்புதான் சூம் வசதியைப் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்தது. தொலைபேசி நிறுவனங்கள் அதற்கான டேட்டாவை இலவசமாக விட்டன. உங்கள் குழுவில் யாருக்காவது நிறுவனக் கணக்கு இருந்தால் கூட்டத்தை அவர் பெயரில் திறப்பதே புத்தி. இலவசக் கணக்கில் 100 பேர் வரலாம், ஆனால் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். நம்மவர்களின் தலைமையுரைக்கே அது காணாது.

டேட்டா கணக்கு இது: குழுக் கூட்டத்தில் நல்ல தரப் படத்துக்கு அனுப்ப வினாடிக்கு 1 மெகாபிட், பெற 600 கிலோபிட் என்று சூம் சொல்கிறது. இரண்டையும் கூட்டினால் மணிக்கு ஏறத்தாழ 720 மெகாபைட். குரல் மட்டும் என்றால் 60 முதல் 80 கிலோபிட் போதும், மணிக்கு 36 மெகாபைட்டைத் தாண்டாது. தோட்டத்திலிருந்து கைத்தொலைபேசியில் வருபவரிடம் "கமராவைப் போடுங்கள்" என்று வற்புறுத்துவது, அவரை வெளியே போகச் சொல்வதற்குச் சமம்.

இனி வாசல் விஷயம். அமெரிக்கத் தடைகளின் காரணமாக ஈரான், கியூபா, வட கொரியா, கிரிமியா ஆகிய இடங்களிலிருந்து சூமுக்குள் நேராக வர முடியாது. ஈரானிய ஆய்வாளர் பலர் விபிஎன் (இருக்கும் நாட்டை மறைத்து இணையும் வசதி) வழியே வருகிறார்கள். அது அவரவர் முடிவு. "விபிஎன் போட்டுக்கொண்டு வாருங்கள்" என்று அழைப்புக் கடிதத்தில் ஒருநாளும் எழுதாதீர்கள். ஆபத்து முழுவதும் அவருடையது, கடிதமோ அவருடைய அஞ்சற்பெட்டியில் ஆதாரமாகக் கிடக்கும்.

சீனத் தரப்பு வேறு மாதிரி. 2020 ஜூனில், 1989 தியனன்மென் படுகொலையின் நினைவுக் கூட்டங்களை நடத்திய அமெரிக்க, ஹொங்கொங் கணக்குகளைச் சீன அரசின் கோரிக்கையின் பேரில் முடக்கியதை சூம் ஒப்புக்கொண்டு, பின்னர் அவற்றைத் திறந்துவிட்டது. அதற்கு முன்பே, அவ்வாண்டு ஏப்ரலில், தாய்வான் தன் அரச நிறுவனங்களில் சூமைத் தடைசெய்திருந்தது. செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோ அரச பல்கலைக்கழகத்தினர் பலஸ்தீனப் போராளி லைலா காலிதை அழைத்து நடத்தவிருந்த இணையவழி நிகழ்வை சூம் இடம்கொடாமல் மறுத்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் சொந்த வகுப்பறையாக இருந்திருந்தால் அந்த முடிவைப் பல்கலைக்கழகம் எடுத்திருக்கும். சூடான தலைப்பில் பொதுக்கூட்டம் வைப்பவர்கள் சூமை ஒற்றை வழியாக நம்பக்கூடாது என்று சொல்வது இதனால்தான். பூச்சியியல், மண்ணரிப்பு, தேயிலை நோய் பேசுபவர்கள் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை.

இத்தனைக்கும் பிறகு சூமை விட முடியாமல் செய்வது அதன் உரைபெயர்ப்பு வசதி, அதாவது ஒருவர் பேசும்போதே இன்னொருவர் அதை வேறு மொழியில் தனி வழியில் சொல்வது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் நடக்கும் கூட்டத்துக்கு இதற்கு இணையாக மற்ற மூன்றிலும் எதுவும் இல்லை. கட்டணக் கணக்கு வேண்டும். கணக்கின் அமைப்புப் பக்கத்தில் உரைபெயர்ப்பை இயக்கி, தமிழையும் சிங்களத்தையும் நீங்களே மொழிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பின்னர் கூட்டத்தை முன்கூட்டியே திட்டமிட்டு, உரைபெயர்ப்பாளரின் மின்னஞ்சலைக் கொடுக்க வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குவது: உங்கள் நிரந்தரக் கூட்ட எண்ணைப் பாவித்தால் உரைபெயர்ப்புப் பொத்தானே தோன்றாது, தானாக உருவாகும் எண்தான் வேண்டும். தொடங்கும் பொத்தானைக் கணினியிலிருந்து அழுத்த வேண்டும், கைத்தொலைபேசியிலிருந்து முடியாது. கேட்பவர் தன் மொழியைத் தெரிந்ததும் "மூலக் குரலை நிறுத்து" என்பதையும் தொடாவிட்டால் இரண்டு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஓடும். கிளவுட் பதிவில் மூலக் குரல் மட்டுமே விழும். தமிழ் உரைபெயர்ப்பைச் சேமிக்க வேண்டுமானால் ஒருவர் தமிழ் வழியில் இருந்தபடி தன் கணினியில் பதிய வேண்டும். ஒரு மொழிக்கு இரண்டு உரைபெயர்ப்பாளர்கள் வையுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் ஒருவரே செய்தால் தரம் விழுவது கேட்கும் காதுக்கே தெரியும்.

"கணக்கில் உள்நுழைந்தவர் மட்டும்" என்ற பூட்டைப் போடாதீர்கள். கணக்கே திறக்க முடியாத நாட்டவருக்கு அது இரண்டாவது கதவு. காத்திருப்பு அறை போதும். பெயருக்குப் பின்னால் நாட்டையோ கொடியையோ போடச் சொல்லவும் வேண்டாம், பெயரும் நிறுவனமும் போதும். கிரிமியாக்காரரும் காஷ்மீர்க்காரரும் நாடு என்ற கட்டத்தில் எதை எழுதினாலும் கூட்டம் தொடங்குமுன்பே விவாதம் தொடங்கிவிடும்.

பதிவு செய்வதா என்பது தனிக் கேள்வி. பனிப்போர்க் காலத்தில் மேற்கும் சோவியத்தும் சேர்ந்து பேசிய பக்வாஷ் மாநாட்டை நினைத்துக்கொள்ளலாம். 1957 ஜூலையில் கனடாவின் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் 22 அறிஞர்களுடன் தொடங்கி, 1995இல் ஜோசப் ரொட்பிளாட்டுடன் சேர்ந்து நோபல் அமைதிப் பரிசு வரை போனது அது. அங்கே யாரும் நாட்டின் பிரதிநிதியாக வரவில்லை, தனி ஆளாக வந்தார்கள். உள்ளே பேசியதை யார் சொன்னது என்று வெளியே சொல்வதில்லை. அந்த ஒழுங்கை இன்றைய செயலியில் காப்பாற்றுவதானால் பதிவை நிறுத்துவது மட்டும் போதாது. அரட்டையைச் சேமிக்கும் வசதியையும், தானாகக் குறிப்பெடுக்கும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரையும் அணைக்க வேண்டும். பங்கேற்பாளர் பட்டியலில் யாரோ ஒருவரின் "குறிப்பெடுப்பான்" தனி ஆளாக நுழைந்து உட்கார்ந்திருப்பதும் உண்டு. அதை வெளியே எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். முனைக்கு முனை குறியாக்கத்தை (பேசுபவர்களைத் தவிர நிறுவனமும் கேட்க முடியாத பூட்டு) இயக்கினால் கிளவுட் பதிவும் தொலைபேசி வழி இணைப்பும் தாமாகவே நின்றுவிடும். மூடிய வட்டத்துக்கு அது நட்டமில்லை.

கூகுள் மீட்

இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ கூடினால் 60 நிமிடம், 100 பேர் வரை. கைத்தொலைபேசியில் இலகு. சீனாவில் கூகுளே இல்லை என்பதால் பெய்ஜிங் நண்பருக்கு இது மூடிய கதவு. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், நேபாளம் என்ற வட்டத்துக்குள் என்றால் தாராளமாகப் பாவிக்கலாம்.

வாட்ஸ்அப் குழு அழைப்பு 32 பேரைத் தாங்கும், ஆயத்தக் கூட்டத்துக்கு அருமை, ஆனால் அதுவும் சீனாவுக்குள் போகாது. சீனத் தரப்பினர் தாங்களாகவே டென்சென்ட்டின் வூவ் செயலியை முன்மொழிவார்கள். அவர்களுக்கு அது நன்றாக ஓடும். தாய்பேக்காரரிடம் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஜிட்சி

திறந்த மூல மென்பொருள், உலாவியிலேயே ஓடும், வருபவருக்குக் கணக்குத் தேவையில்லை. பொதுத் தளத்தில் 2023 ஓகஸ்ட்டிலிருந்து கூட்டத்தைத் திறப்பவர் மட்டும் கூகுள், கிட்ஹப் அல்லது ஃபேஸ்புக் கணக்கால் நுழைய வேண்டும். அத்தளத்தை நடத்துவதும் ஓர் அமெரிக்க நிறுவனமே. ஆகவே ஜிட்சியின் உண்மையான பலன் சொந்தச் சேர்வரில்தான்.

டெபியன் அல்லது உபுண்டு, 8 ஜிபி நினைவகம், ஒரு டொமைன் பெயர், லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்: லினக்ஸ் தெரிந்த ஒரு மாணவர் ஒரு பின்னேரத்தில் நிறுவிவிடுவார். பிறகு வரும் முறைப்பாடு எப்போதும் ஒன்றே. இருவர் பேசும்போது எல்லாம் சரி. மூன்றாமவர் நுழைந்ததும் எல்லோருக்கும் சத்தமும் படமும் போய்விடும். இருவர் என்றால் ஜிட்சி அவர்களை நேரடியாக இணைக்கிறது, மூவரானால் சேர்வர் வழியே போகிறது. அப்படியானால் சேர்வரின் காவலான ஃபயர்வோலில், சத்தமும் படமும் போகும் வாசலான 10000 என்ற யூடிபி போர்ட் திறக்கப்படவில்லை, அல்லது சேர்வர் தன் வெளி முகவரியை அறியவில்லை. இணைய வேகத்தைக் குறைசொல்லி நாளைக் கடத்தாமல் இதை முதலில் பாருங்கள். அமைப்புக் கோப்பில் "ஸ்டார்ட் ஓடியோ ஒன்லி" வரியை இயக்கிவிட்டால் எல்லோரும் குரலோடு மட்டும் நுழைவார்கள். லிந்துலைப் பக்கத்துப் பள்ளத்தாக்கு சிக்னலுக்கு அதுதான் சரி. பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமேசையாகப் பேச ஜிட்சி உகந்தது. ஐம்பது பேர் கேட்க, நால்வர் பேச என்றால் அடுத்ததற்குப் போங்கள்.

பிக்புளூபட்டன்

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007இல் வகுப்பறைக்காகத் தொடங்கியது. அதனால்தான் இதில் சிலைடுகள் நடத்தப்படும் விதமே வேறு. முன்கூட்டியே ஏற்றிய கோப்பு பக்கம் பக்கமாகப் படமாகப் போகிறது. திரையைப் பகிர்வதுபோல இணைப்பைத் தின்னாது. பேச்சாளரின் கரண்ட் போனாலும் மற்றவர் முன்னால் சிலைடு அப்படியே நிற்கும், ஒருங்கிணைப்பாளர் அடுத்த பக்கத்தைத் திருப்பலாம். எல்லோரும் சேர்ந்து எழுதும் குறிப்புப் பலகையும் உண்டு. கூட்ட அறிக்கையின் வாசகத்தை இரு தரப்பும் அங்கேயே திருத்தி முடித்துவிடலாம், பின்னர் மாதக்கணக்கில் மின்னஞ்சலில் இழுபடாது.

விலை சேர்வரில் இருக்கிறது. உபுண்டு 22.04, 8 கோர், 16 ஜிபி நினைவகம், பதிவு வேண்டுமானால் 500 ஜிபி வட்டு, மேலும் கீழும் 250 மெகாபிட் இணைப்பு என்று உருவாக்கியவர்கள் பரிந்துரைக்கிறார்கள். யூடிபி 16384 முதல் 32768 வரை திறந்திருக்க வேண்டும். அலுவலக, விடுதி இணையங்கள் யூடிபியை அடைத்திருக்கும் என்பதால் 443ஆம் போர்ட்டில் ஒரு டேர்ன் சேர்வரும் (அடைப்பைத் தாண்டிக் குரலைக் கடத்தும் இடைச் சேர்வர்) தேவை. அது இல்லாவிட்டால் ஆள் பட்டியலில் தெரிவார், குரல் மட்டும் ஏறாது. இவ்வளவுக்கு வசதியில்லாதவர்கள் பாடங்களை இணையத்தில் நடத்தும் மூடில் மென்பொருளின் 4.0 முதலான பதிப்புகளில் கூடவே வரும் இலவச இணைப்பில் ஒத்திகை பார்க்கலாம்: 25 பேர், 60 நிமிடம், பதிவு 7 நாளில் அழியும்.

எங்கள் தெரிவு இதுவே. தடைப் பட்டியலில் உள்ள நாட்டிலிருந்து ஒருவராவது வருவதானால், பல்கலைக்கழகத்தின் சொந்தச் சேர்வரில் பிக்புளூபட்டன். மும்மொழிக் கூட்டம், யாருக்கும் தடையில்லை என்றால் சூம். இரண்டிலும் ஆய்வுக் கட்டுரையை இரண்டு நாள் முன்பே மின்னஞ்சலில் சுற்றுக்கு விடுங்கள். இணையம் முழுதாக முடக்கப்படும் நாட்டிலிருந்து வருபவரின் பங்களிப்பு அப்படியாவது மேசைக்கு வரும்.

மலைநாட்டுக் கணக்கு

நகரங்களில் ஃபைபர் உண்டு. கரண்ட் போனால் ஃபைபர் சாகாது, சாவது வீட்டிலுள்ள ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும். ரவுட்டருக்கென்று விற்கும் சிறு யூபிஎஸ் ஒன்று போதும். வாங்குமுன் பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள்: பெரும்பாலும் 12 வோல்ட், 1 முதல் 2 ஆம்பியர். யூபிஎஸ்ஸில் 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருப்பது 3.7 வோல்ட் மின்கலத்தின் கணக்கு; உண்மையில் 37 வாட் மணி. 10 வாட் இழுக்கும் ரவுட்டரை மூன்று மணி நேரம் ஓட்டும், அதோடு ஃபைபர் பெட்டியையும் கொழுவினால் பாதிதான். டவர் சிக்னலை நம்பினால், டவருக்கும் பற்றரிதான் என்பதை மறக்காதீர்கள்.

லயத்துத் தகரக் கூரையில் மழை விழும்போது செயலியின் இரைச்சல் நீக்கி மழையோடு குரலையும் சேர்த்து விழுங்கும். அதைக் "குறைவு" நிலைக்கு மாற்றி, வாய்க்கு அருகே மைக் வரும் வயர் ஹெட்செட் போடுவதே வழி.

நேரத்தைத் தெரிவதும் மழையைப் பொறுத்தது. நமது பிற்பகல் 2.30 எல்லோருக்கும் வசதி: இஸ்லாமாபாத்தில் 2.00, தெஹ்ரானில் 12.30, மொஸ்கோவில் 12.00, பெய்ஜிங்கில் மாலை 5.00. ஆனால் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நமக்கு இடி இறங்கும் நேரம் சரியாக அதுதான். அந்த மாதங்களில் காலை 10.00க்கு மாற்றினால் பெய்ஜிங்கில் பகல் 12.30, தெஹ்ரானில் காலை 8.00, மொஸ்கோக்காரர் 7.30க்கே உட்கார வேண்டியிருக்கும். அமெரிக்காவிலிருந்து யாராவது வருவதானால் நமது மாலை 7.00. வெள்ளிக்கிழமை ஈரானுக்கு வாராந்த விடுமுறை, போயா (பௌர்ணமி) நமக்கு. திகதி குறிக்குமுன் இரண்டு நாட்காட்டியையும் பாருங்கள், அழைப்பில் நேரத்தை ஒவ்வொரு நகரத்தின் கணக்கிலும் தனித்தனியே எழுதுங்கள்.