பத்மநாபபுரமா, மைசூரா? அரச அறைகளைப் பார்க்க எந்த அரண்மனை

அரசர் எங்கே தூங்கினார், எங்கே ஆலோசனை நடத்தினார் என்று அறை அறையாகப் பார்க்க நினைப்பவர்கள் முதலில் தக்கலை அருகிலுள்ள பத்மநாபபுரத்துக்குப் போகலாம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம். இருப்பது குமரி மாவட்டத்தில், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். திங்கள் விடுமுறை, இது தெரியாமல் வந்து பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் அதிகம். மதிய இடைவேளையும் உண்டு, அதனால் காலை ஒன்பதுக்கே உள்ளே போய்விடுவது நல்லது.

பூமுகத்தில், அதாவது முகப்பு மண்டபத்தில், நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். கூரை மரத்தில் செதுக்கிய பூக்களில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. செங்குத்தான குறுகிய படியேறினால் மந்திரசாலை, அரசர் ஆலோசனை நடத்திய கூடம். அங்கே தரையைக் கவனியுங்கள்: சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெண்கரு கலந்து மெழுகியது என்பார்கள், கண்ணாடிபோல் முகம் தெரியும். உப்பரிகை மாளிகையில் 64 மூலிகை மரங்களால் ஆனதாகச் சொல்லப்படும் கட்டில் இருக்கிறது. ஊட்டுப்புரையும் உண்டு, இரண்டு தளங்களிலும் ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேர் சாப்பிட்ட கூடம். நிலைப்படிகள் தாழ்வு, தலை இடிக்கும். செருப்பில்லாமல் ஏறி இறங்க வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம்தான்.

மைசூர் வேறு வகை. பழைய மர அரண்மனை 1897-இல் எரிந்தபின் ஹென்றி இர்வின் வடிவமைப்பில் 1912-இல் முடிந்த கட்டடம் இது. எண்கோணக் கல்யாண மண்டபத்தின் மயில் வண்ணக் கண்ணாடிக் கூரையும், மாடியில் தர்பார் மண்டபத்தின் தூண் வரிசையும் பிரமிக்க வைக்கும். ஆனால் படுக்கையறை, சமையலறை என்று எதுவும் பெரிதாகக் காட்டமாட்டார்கள். விழாக்கூடங்கள் வழியாக ஒருவழிப் பாதையில் கூட்டத்தோடு நகர வேண்டும். நின்று பார்த்தால் பின்னாலிருப்பவர் தள்ளுவார். தங்கச் சிம்மாசனத்தைத் தசராவின்போதுதான் கோத்து வைப்பார்கள். மற்ற நாட்களில் அதைத் தேட வேண்டாம். யானைமேல் வைக்கும் தங்க அம்பாரி மட்டும் கீழ்த்தளத்தில் இருக்கும்.

ஞாயிறு என்றால் மைசூருக்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு, இரவு ஏழு மணிக்கு ஏற்றும் விளக்குகள். பிற்பகல் மூன்றரைக்கு உள்ளே போய், ஐந்தரைக்குள் அறைகளை முடித்துவிட்டு, விளக்குக்காகத் திரும்ப வாருங்கள்.

ஒன்றைத்தான் பார்க்க முடியுமென்றால், எங்கள் ஓட்டு பத்மநாபபுரத்துக்கு. மந்திரசாலை ஜன்னல் வழியே வரும் மங்கிய வெளிச்சத்தில் பத்து நிமிடம் நிற்க அங்கே யாரும் தடுக்கமாட்டார்கள்.