குழுக் காலண்டர் யார் பெயரில் இருக்க வேண்டும்: 4 வருட அனுபவம்

எங்கள் குழுவில் 14 பேர். ஆபீஸ் மெயிலான அவுட்லுக்கிலேயே எல்லோருக்கும் பொதுவாக ஒரு காலண்டர் வைத்து 4 வருடம் ஆகிறது. லீவு, வாடிக்கையாளர் சந்திப்பு, வேலை முடிக்க வேண்டிய தேதி எல்லாம் அதில்தான். இப்போது அது இல்லாமல் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது. ஆனால் ஆரம்பித்த விதம் தப்பு.

முதலில் எங்கள் சீனியர் ஒருவர் தன் கணக்கிலேயே ஒரு காலண்டரை உருவாக்கி எங்களுக்கெல்லாம் ஷேர் செய்தார். ஐந்து நிமிட வேலை, நன்றாகவும் ஓடியது. ஒரு வருடம் கழித்து அவர் வேலை மாறிப் போனார். வழக்கம்போல அவர் கணக்கை நீக்கினார்கள். திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் யார் திரையிலும் காலண்டர் இல்லை. நீக்கிய கணக்கை மைக்ரோசாஃப்ட் 365-இல் (அவுட்லுக் அடங்கிய ஆபீஸ் சேவை) 30 நாளுக்குள் மீட்கலாம். அந்தக் கெடு முடியும் முன்பே ஐ.டி. பிரிவிடம் ஓடியதால் தப்பித்தோம்.

அப்புறம்தான் ஷேர்டு மெயில்பாக்ஸுக்கு மாறினோம். அது எந்த ஆளுக்கும் சொந்தமில்லாத அஞ்சல்பெட்டி. அதற்கென்றே ஒரு காலண்டர் உண்டு. 50 ஜிபி வரை தனி லைசென்ஸ் தேவையில்லை. அட்மின்தான் உருவாக்கித் தர வேண்டும், அவ்வளவுதான். யார் வந்தாலும் போனாலும் காலண்டர் அதே இடத்தில் இருக்கும்.

அடுத்த பாடம் பர்மிஷன். எல்லோருக்கும் 'எடிட்டர்' உரிமை கொடுத்திருந்தோம். ஒரு செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை மட்டும் எடுக்கப் போன நண்பர், "இந்த ஒன்றை மட்டுமா, தொடர் முழுவதையுமா?" என்று கேட்ட இடத்தில் அவசரத்தில் இரண்டாவதை அழுத்திவிட்டார். வருடம் முழுவதற்குமான செவ்வாய்க்கிழமைகள் காலி. பொது மெயில்பாக்ஸின் டெலிட்டெட் ஐட்டம்ஸில் தேடினோம், இல்லை. கடைசியில் அழித்தவருடைய சொந்த டெலிட்டெட் ஐட்டம்ஸில் கிடைத்தது. அன்றிலிருந்து 3 பேர் மட்டும் எடிட்டர், மற்றவர்கள் 'ரிவ்யூவர்', அதாவது பார்க்க மட்டும். "இதைப் போடுங்கள்" என்று ஒருவரிடம் சொல்வது தொந்தரவாக இருக்கும் என்று பயந்தேன், இல்லை. பதிவுகள் ஒரே மாதிரி வர ஆரம்பித்ததே பெரிய நிம்மதி.

லீவு போடுவதில் ஒரு விஷயம் கட்டாயம் கவனியுங்கள். ஒருவர் தன் லீவை முழுநாள் நிகழ்வாக்கி, 'அவுட் ஆஃப் ஆபீஸ்' என்று குறித்து, குழுவுக்கே அழைப்பாக அனுப்பினார். ஏற்றுக்கொண்ட அத்தனை பேரும் அன்றைக்கு லீவில் இருப்பதாகக் காட்டியது. எங்களோடு கூட்டம் வைக்கப் பார்த்த பக்கத்துப் பிரிவினர் குழம்பிப்போனார்கள். யாருக்கும் அழைப்பு அனுப்பாமல் பொதுக் காலண்டரில் நேரடியாகப் போடுங்கள், நிலையை 'ஃப்ரீ' என்று வையுங்கள், ரிமைண்டரை எடுத்துவிடுங்கள்.

போனில் பார்ப்பதற்கு, ஷேர் செய்யும்போது வரும் மெயிலைத் திறந்து ஏற்றுக்கொண்டால் போதும். புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாளே அதை அனுப்பிவிடுகிறோம்.

லீவுக்கான காரணத்தை மட்டும் எழுதவே மாட்டோம். 'பிரைவேட்' என்று குறிக்கும் வசதி இருந்தாலும், காலண்டரைப் படிக்கும் உரிமை உள்ளவரிடமிருந்து விவரத்தை மறைக்க அதை மட்டும் நம்பக்கூடாது. மருத்துவமனைக்குப் போவதாக இருந்தாலும் சரி, பெயரும் 'லீவு' என்ற சொல்லும் மட்டும்தான் இருக்கும்.