50 ஹெர்ட்ஸ் டிவியில் வளர்ந்த கேம்கள்

பழைய வீடியோ கேம்களை இப்போது எடுத்து விளையாடினால் தாங்குமா என்று யாராவது கேட்டால், தாங்கும் என்றுதான் சொல்வேன். டெக்கன் 3 தாங்குகிறது. மெட்டல் கியர் சாலிட் தாங்குகிறது. ஃபைனல் ஃபேண்டசி 10 எதிர்பார்த்ததைவிட நன்றாகவே தாங்குகிறது. ஆனால் இந்த கேம்கள் நம் ஊருக்கு எந்த வேகத்தில் வந்து சேர்ந்தன என்பதை யோசித்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. இந்தப் பகிர்வில் பாதி அந்தக் கோபம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது பழைய தடிமன் மாடல் பிளேஸ்டேஷன் 2. ரொம்ப காலம் அலமாரி மேல் தூசி பிடித்துக் கிடந்தது. டிஸ்க்கைப் போட்டால் சுற்றும், கிர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் படிக்க முடியவில்லை என்று திரையில் வரும். இந்த மாடல் வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வியாதி இது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் பக்கம் இருக்கும் சாட்ஸ்வொர்த்தில் செல்போன் ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் கொடுத்தேன். லென்ஸை மாற்றினார். அடிப்பக்கம் நீலமாக இருக்கும் சிடி ஒன்று, வெள்ளியாக இருக்கும் டிவிடி ஒன்று, அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும் பழைய பிளேஸ்டேஷன் 1 டிஸ்க் ஒன்று என்று மூன்றையும் போட்டு ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் பெட்டியைக் கையில் கொடுத்தார். நல்ல வேலைக்காரர். அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு மக்கர் இல்லை.

அன்றிலிருந்து வாரக்கடைசிகளில் பாதியில் விட்ட கேம்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வருகிறேன். இதைப் பார்த்துவிட்டு தங்கச்சி மகன், "மாமா, நானும் ஒரு பிஎஸ் 2 வாங்கட்டுமா?" என்று விடாமல் கேட்கிறான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் டிவி ஒளிபரப்பு முறையாகத் தொடங்கியதே 1976-இல்தான். வந்ததும் பிஏஎல் என்ற ஒளிபரப்பு முறையில் வந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் அதே பிஏஎல்தான், அதனால் இதைப் படிக்கிற பலருக்கும் இது சொந்தக் கதைதான். பிஏஎல் டிவி நொடிக்கு 50 தடவை படத்தைப் புதுப்பிக்கும், அதைத்தான் 50 ஹெர்ட்ஸ் என்பார்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருந்த என்டிஎஸ்சி டிவி நொடிக்கு 60 தடவை. அந்தக் காலத்து கேம்களில் பெரும்பாலானவை கடிகாரத்தைப் பார்த்து ஓடவில்லை, டிவியைப் பார்த்து ஓடின. ஒரு பிரேம், அதாவது திரையில் ஒரு புதுப் படம், வந்தால் கேமில் வரும் ஆள் ஒரு அடி நகரும். நொடிக்கு 60 பிரேம் என்று கணக்குப் போட்டு எழுதிய ஆட்டத்தை 50 பிரேம் டிவியில் அப்படியே ஓட்டினால் என்ன ஆகும்? எல்லாமே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் நகரும். அங்கே ஒரு மணி நேரத்தில் முடிகிற ஆட்டத்துக்கு இங்கே 72 நிமிஷம்.

அதோடு போகவில்லை. பிஏஎல் திரையில் படத்தை வரையும் கிடைக்கோடுகள் அதிகம். என்டிஎஸ்சிக்காக வரைந்த படம் அதில் முழுசாக நிறையாது. மேலே ஒரு கறுப்புப் பட்டை, கீழே ஒரு கறுப்புப் பட்டை, நடுவில் நசுங்கின மாதிரி படம். பெரியம்மா வீட்டில் இருந்த மெகா டிரைவ் என்ற பழைய கேம் பெட்டியில், உருண்டு ஓடும் சோனிக்கை அப்படித்தான் பார்த்து வளர்ந்தோம். 288 கோடு தெரியக்கூடிய இடத்தில் 224 கோட்டுக்குத்தான் படம் இருந்தது. சோனிக் உருளும்போது உருண்டையாக இல்லாமல் கொஞ்சம் சப்பட்டையாக உருளும். எங்கள் டிவிதான் மட்டம் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். பாவம் அந்த டிவி, அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

இது எனக்கு உறைத்தது டெக்கன் 3 என்ற சண்டை கேமில். அமெரிக்காவில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு டர்பனுக்குத் திரும்பிய நண்பர் ஒருவர் அங்கே வாங்கிய டிஸ்க்கை வைத்திருந்தார். மடிக்கணினியில் எமுலேட்டர், அதாவது பழைய கேம் பெட்டியைப் போலவே வேலை செய்யும் மென்பொருள், போட்டு அதை ஓட்டினோம். பக்கத்திலேயே என் பெட்டியில் நம் ஊர் டிஸ்க். இரண்டிலும் எட்டி கோர்டோ என்ற சண்டைக்காரன். எட்டியை எடுத்தவனுக்கு வித்தை ஒன்றும் தெரிய வேண்டாம், எக்ஸையும் வட்டத்தையும் மாறி மாறி அடித்தாலே தரையில் சுழன்று சுழன்று உதைப்பான். நம் ஊர் எட்டியின் கால் வருவதைப் பார்த்துவிட்டுத் தடுக்க எனக்கு நேரம் இருந்தது. அமெரிக்க டிஸ்க்கில் நான் பார்ப்பதற்குள் கால் வந்து முகத்தில் விழுந்துவிட்டது.

கணக்கு சின்னதுதான். ஒரு குத்து வெளியே வர 10 பிரேம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 ஹெர்ட்ஸில் அது நொடியில் ஆறில் ஒரு பங்கு. 50-இல் ஐந்தில் ஒரு பங்கு. கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத வித்தியாசம். ஆனால் சண்டை கேம் என்பதே அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் உயிர் வாழ்கிறது. டீரூம் ஓரத்தில் காசு போட்டு ஆடும் மெஷினில் சூரப்புலியாக இருந்த பையன்கள் வீட்டு டிஸ்க்கைத் தொட்டதும் "இது என்ன, தண்ணிக்குள்ளே அடிச்சுக்கிற மாதிரி இருக்கு" என்று உதட்டைச் சுழிப்பார்கள். பந்தா பண்ணுகிறார்கள் என்று நினைத்தோம். அவர்கள் கண்ணும் கையும் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன.

இப்போது 60-இல் டெக்கன் 3 ஆடும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: இது 1998-இல் வீட்டுக்கு வந்த கேம் என்று சொன்னால் நம்ப முடியாது. முகங்கள் சதுரம் சதுரமாக இருக்கின்றன, சரி. பின்னணி வெறும் படம்தான், அதுவும் சரி. ஆனால் பட்டனை அழுத்தினதும் கைகால் அசைகிற அந்தத் துல்லியம் கொஞ்சமும் பழசாகவில்லை. இத்தனை வருஷம் கழித்துத்தான் இந்த கேமை நான் முழுசாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது.

மெட்டல் கியர் சாலிட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மறைந்து மறைந்து போகிற கேம், வேகம் குறைந்தாலும் உயிர் போகாது. சைக்கோ மேன்டிஸ் என்ற வில்லன் மெமரி கார்டைப் படித்து நாம் என்னென்ன கேம் விளையாடுகிறோம் என்று சொல்கிற இடம் இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிறது. அவனை அடிக்க கன்ட்ரோலரைப் பிடுங்கி இரண்டாம் துளையில் செருக வேண்டும். இந்த ஒரு காரியத்துக்காகவே அதை நிஜப் பெட்டியில் ஆட வேண்டும், எமுலேட்டரில் மெனுவுக்குப் போய் மாற்றுவது ஒரு சுகமும் தராது. கதையில் வரும் மெரில் என்ற பெண்ணை ரேடியோவில் கூப்பிடும் அலைவரிசை 140.15 என்பது டிஸ்க் உறையின் பின்பக்கப் படத்தில் இருக்கும். வீடியோ கடையில் வாடகைக்கு எடுத்தவர்களுக்கு வெறும் பிளாஸ்டிக் உறைதான் கிடைக்கும், பின்பக்கத்துக்கு எங்கே போவது? அந்த எண் ஸ்கூலில் வாய்வழியாகத்தான் பரவியது.

ஃபைனல் ஃபேண்டசி 10 வேறு விஷயம். என் மெமரி கார்டில் அது பல வருஷமாகக் கிடந்தது. விளையாடியது நான் இல்லை, தங்கச்சி. கதாநாயகன் டீடஸுக்குத் தன் பெயரையே வைத்திருந்தாள். 8 எம்பி கார்டைப் பெட்டியில் செருகினதும் அவள் பெயரும், ககசெட் மலையும், அவள் விட்ட நேரமும் அப்படியே வந்து நின்றன. பேட்டரி இல்லாத கார்டு என்பதால் பிழைத்தது. பேட்டரியை நம்பியிருந்த பழைய கார்ட்ரிட்ஜ்களில் சேவ் எல்லாம் இந்நேரம் அழிந்து போயிருக்கும்.

அவள் ஏன் அங்கே விட்டாள் என்று எனக்கு உடனே புரிந்தது. ககசெட்டில் சீமோர் என்ற வில்லன் வருவான், 70,000 உயிர்ப்புள்ளியோடு. நம் ஆளை ஈட்டியால் குத்தி ஜாம்பி ஆக்குவான். அடுத்து அவன் தரப்பிலிருந்து ஃபுல் லைஃப் மந்திரம் வரும். உயிர் கொடுக்கிற மந்திரம்தான், ஆனால் ஜாம்பிக்கு அதுவே சாவு. ஜாம்பி நிலையைப் போக்கும் ஹோலி வாட்டர் கையிருப்பு இல்லையென்றால் ஒவ்வொருவராகச் சாய்வார்கள். இந்தச் சண்டை எனக்குப் பிடித்திருக்கிறது. யோசித்து ஆட வைக்கிறது, தோற்றால் ஏன் தோற்றோம் என்று தெரிகிறது. பிடிக்காதது, சண்டைக்கு முன்னால் வரும் நீளமான காட்சி. சேவ் செய்யும் இடம் காட்சிக்கு முன்னால் இருக்கிறது. காட்சியைத் தாண்டிப்போக வழியே கிடையாது. ஒவ்வொரு தடவை தோற்கும்போதும் சீமோர் அதே வசனத்தை அதே நிதானத்தில் பேசி முடிக்கிறவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். நடுவில் லோட் ஷெடிங் வந்தால் இன்னும் மோசம், ஜெயிக்கப்போகிற சமயத்தில் திரை அணைந்துவிடும். பிஎஸ் 4-க்கு வந்த எச்டி பதிப்பிலும் அந்தக் காட்சியைத் தாண்ட முடியாது.

கடைசியில் அவள் சேவிலிருந்தே தொடர்ந்து கேமை முடித்தேன். முடிவுக் காட்சியை வீடியோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது, நீண்ட நேரம் பேசினோம்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஃபைனல் ஃபேண்டசி 10-இன் பிஏஎல் பதிப்பு 2002 மே மாதம் வந்தது, அமெரிக்கப் பதிப்புக்கு ஐந்து மாதம் கழித்து. மேலேயும் கீழேயும் பட்டையான கறுப்பு, பார்த்தாலே எரிச்சல் வரும். ஆனால் அமெரிக்க பிஎஸ் 2 டிஸ்க்கில் இல்லாத டார்க் ஈயான்கள், பெனன்ஸ் என்ற கூடுதல் எதிரிகள் நம் டிஸ்க்கில் இருந்தன. தாமதத்துக்குக் கொஞ்சம் கூலி கிடைத்தது. எல்லோரும் அலட்சியமாக இருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 1991-இல் வந்த முதல் சோனிக்கில் பாட்டே மந்தமாக ஓடும். அடுத்த வருஷம் வந்த சோனிக் 2-இல் பாட்டின் வேகத்தையாவது பிஏஎலுக்கு ஏற்றபடி சரிசெய்திருந்தார்கள். பிற்பாடு பல கேம்கள் தொடங்கும்போதே 50 வேண்டுமா 60 வேண்டுமா என்று கேட்டன. எங்கள் வீட்டு டிவிக்குக்கூட 60 ஒத்துவந்தது. அப்படியானால் முடியாத காரியம் இல்லை. மனம் வைத்தவர்கள் செய்தார்கள், மற்றவர்கள் வாங்குகிறவனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று விட்டுவிட்டார்கள். எனக்குப் பொறுக்க முடியாதது அதுதான். முழு விலை கொடுத்தோம். டர்பனில் ஒரு புது டிஸ்க் வாங்குவது அன்றைக்கு ஒரு வீட்டுக்கு லேசான செலவு இல்லை.

2018 டிசம்பரில் பிளேஸ்டேஷன் கிளாசிக் என்று ஒரு குட்டிப் பெட்டி வந்தது நினைவிருக்கும். அதில் இருந்த 20 கேம்களில் 9 பிஏஎல் பதிப்பு, டெக்கன் 3 உட்பட. அமெரிக்காவில் அதை வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கேம் மந்தமாக ஓடுகிறது என்று கொதித்தார்கள். விலையும் சீக்கிரமே சரிந்தது. அவர்கள் கொதித்தது நியாயம். நாங்கள் பத்துப் பதினைந்து வருஷம் அதே வேகத்தில் ஆடினோம், ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு இரண்டாவது டிஸ்க் இல்லை.

ஆகவே தங்கச்சி மகனுக்குச் சொன்னது: பிஎஸ் 2 வாங்காதே. லென்ஸ் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, புது டிவியில் மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயர் செருக இடம் இருக்காது, மலிவான கன்வெர்ட்டர் போட்டால் பட்டனுக்கும் படத்துக்கும் நடுவில் தாமதம் வரும். 60-இல் ஓடும் பதிப்பைத் தேடி, இருக்கிற கணினியிலேயே ஆடு. டெக்கன் 3-இல் தொடங்கு. ஃபைனல் ஃபேண்டசி 10-ஐ எச்டியில் ஆடு, ககசெட் மலைக்குப் போவதற்குமுன் ஹோலி வாட்டரை நிறைய வாங்கி வைத்துக்கொள்.

என் பெட்டியை மட்டும் நான் கொடுக்கமாட்டேன், அவன் கேட்டும் கொடுக்கவில்லை. சோனிக்கை 60-இல் ஓட்டிப் பார்த்தேன். படம் நிமிர்ந்து நின்றது, ஓட்டம் சிட்டாகப் பறந்தது, எல்லாம் முறைப்படி சரி. ஆனால் முதல் கட்டமான கிரீன் ஹில்லின் பாட்டு தொடங்கியதும், ஆயா இழுத்து இழுத்துப் பாடின தாலாட்டை யாரோ அவசர அவசரமாகப் பாடிவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. சுருதி அதேதான், தாளம்தான் ஓடுகிறது. மசாட்டோ நகாமுரா எழுதியது அந்த வேகத்தில்தான் என்று நன்றாகத் தெரியும். இருந்தாலும் எமுலேட்டரில் அந்த ஒரு கேமுக்கு மட்டும் பிஏஎல் என்று மாற்றி வைத்திருக்கிறேன், கறுப்புப் பட்டையோடு சேர்த்து. மற்ற எல்லாவற்றுக்கும் 60தான்.