முடிவெடுப்பவர் விளையாடுபவரே: ஹட்டன் பகுதியின் சனிக்கிழமை நிகழ்ச்சி பற்றி

இலங்கை மலையகத்தின் ஹட்டன் பகுதியில் வீதியோரமாக உள்ள ஒரு சமூக மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் நடைபெற்றுவரும் விளையாட்டு, பொழுதுபோக்கு நிகழ்ச்சியைப் பற்றி இங்கே எழுதுகிறேன். மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் ஒரே களத்தில், ஒரே விதிகளின்படி சேர்ந்து விளையாட வேண்டும் என்பதே அதன் நோக்கம். என் அக்காவின் மகன் பெருமூளை வாதத்தோடு பிறந்தவன். இப்போது வளர்ந்த இளைஞன். கைகால்கள் அவன் நினைத்தபடி இயங்குவதில்லை, பேச்சும் மெதுவாகத்தான் வரும், ஆனால் கேட்பதிலும் புரிந்துகொள்வதிலும் எந்தக் குறையும் இல்லை. அவனுக்குத் துணையாகச் சென்று வருவதால் நிகழ்ச்சியின் நிறைகுறைகளை அருகிலிருந்து காண முடிகிறது. தங்கள் வீட்டுப் பிள்ளையை அனுப்பலாமா என்று தயங்கும் பெற்றோருக்கும், இதைப்போன்ற ஒன்றைத் தங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொடங்க விரும்புவோருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

மண்டபத்துக்குள் நடப்பது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. அதற்கு முதற்காரணம் அங்கே விளையாடப்படும் பொச்சா என்ற பந்து விளையாட்டு. 1984ஆம் ஆண்டு முதல் பராலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றுவரும் இவ்விளையாட்டின் விதி எளிமையானது. முதலில் ஒரு வெள்ளைப் பந்து களத்தில் விடப்படும். ஒரு தரப்புக்கு ஆறு சிவப்புப் பந்துகள், மறு தரப்புக்கு ஆறு நீலப் பந்துகள். வெள்ளைப் பந்துக்கு மிக அருகில் தம் பந்தைச் சேர்ப்பவருக்கே புள்ளி. எல்லாரும் அமர்ந்த நிலையிலேயே விளையாடுகிறார்கள். பந்தைக் கையால் வீச முடியாதவர்கள் ஒரு சரிவுப் பாதையை முன்னால் வைத்து, அதன் வழியே பந்தை உருட்டிவிடலாம். அந்தப் பாதையைப் பிடித்துக்கொள்ள ஓர் உதவியாளரும் இருக்கலாம். ஆனால் அந்த உதவியாளர் களத்துக்கு முதுகைக் காட்டி அமர வேண்டும். ஆட்டத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பாதையை எந்தப் பக்கம் திருப்புவது, எவ்வளவு உயர்த்துவது, பந்தை எந்த இடத்தில் வைப்பது என்பதையெல்லாம் விளையாடுபவரே சொல்ல வேண்டும்.

இந்த விதி எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பதை நான் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். அக்கா தன் மகனுக்குப் பசிக்கிறதா, குளிர்கிறதா, தொலைக்காட்சியில் எதைப் பார்க்க விரும்புகிறான் என்பதையெல்லாம் அவன் வாய் திறக்கும் முன்னரே ஊகித்துச் செய்துவிடுவார். அது அன்பினால் வந்த பழக்கம். அவன் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தால் அடுப்பில் இருப்பது கருகிவிடும், கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் நேரம் தவறிவிடும். மண்டபத்தில் அவர் களத்துக்கு முதுகைக் காட்டி, சரிவுப் பாதையாகப் பயன்படும், நீளவாக்கில் பிளந்த பிளாஸ்டிக் குழாயை மடியருகே பிடித்துக்கொண்டு, மகனின் முகத்தையே பார்த்தபடி இருக்க வேண்டியிருக்கிறது. அவன் “எடது” என்கிறான். குழாய் நகர்கிறது. “இன்னும்” என்கிறான். சற்று நேரம் ஒன்றும் சொல்லாமல் களத்தைப் பார்க்கிறான். அக்காவின் தலை தானாகவே பின்னால் திரும்பப் பார்க்கிறது. பயிற்றுநர் உடனே, “அக்கா, நீங்க பாக்கக் கூடாது, தம்பி சொல்லட்டும்” என்கிறார். பிறகு “ஒசத்து” என்ற சொல் வருகிறது. குழாயின் மேல்முனை உயர்கிறது, பந்து வேகமாக இறங்கி வெள்ளைப் பந்தையும் தாண்டிப் போகிறது. அடுத்த முறை அவனே உயரத்தைக் குறைக்கச் சொல்கிறான். தவறு அவனுடையது, அதைத் திருத்தியவனும் அவன்.

தோற்றபோது அவனுக்குக் கடுங்கோபம் வந்தது. அவனைத் தேற்றுவதற்காக யாரும் பரிசு கொடுக்கவில்லை, எதிராளி புள்ளியை விட்டுக்கொடுக்கவுமில்லை. ஆரம்பத்தில், டியூஷன் வகுப்பு முடிந்து இங்கே வரும், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள் இரக்கப்பட்டு வேண்டுமென்றே தோற்பதுண்டாம். அப்படிச் செய்பவர் அன்றைய ஆட்டத்திலிருந்து விலக வேண்டும் என்று நடத்துவோர் கண்டிப்பான விதி வகுத்திருக்கிறார்கள். இந்நிகழ்ச்சியில் நான் மிகவும் மதிக்கும் விடயம் இதுவே. மருத்துவப் பயிற்சி என்றோ தருமம் என்றோ பெயர் சூட்டாமல், விளையாட்டை விளையாட்டாகவே நடத்துகிறார்கள்.

பார்வையற்றோருக்காகப் பிரதானமாக விளையாடப்படுவது கோல்போல். இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக 1946இல் உருவாக்கப்பட்ட இவ்விளையாட்டில், ஒரு தரப்புக்கு மூவர், உள்ளே மணிகள் வைத்த கனமான பந்தைத் தரையோடு உருட்டி எதிர்த்தரப்பின் கோலுக்குள் செலுத்த வேண்டும். தடுப்பவர்கள் ஓசையை வைத்தே குறுக்கே பாய்ந்து மறிக்க வேண்டும். பார்வையுள்ளவர்கள் உட்பட எல்லாரும் கண்ணை முழுமையாக மறைத்துக்கொள்வதால் களத்தில் யாருக்கும் தனிச்சலுகை கிடையாது. முழு அளவிலான களம் 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் கொண்டது. மண்டபத்தில் அதற்கு இடமில்லாததால் களத்தைச் சுருக்கியிருக்கிறார்கள். கோடுகளுக்கு அடியில் சணல் கயிறு வைத்து மேலே நாடா ஒட்டியிருப்பதால் விரலால் தடவி நிற்குமிடத்தை அறிந்துகொள்ளலாம். எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், நீரிழிவினால் பார்வையை இழந்தவர், இங்கே தரையில் படுத்துப் பந்தை மறிப்பதைப் பார்த்த அவருடைய பேரன் அன்று முழுவதும் அவரை விட்டு விலகவேயில்லை.

ஆயினும் கோல்போலுக்கு அமைதி வேண்டும், மண்டபத்தின் கூரையோ தகரம். மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவமழை இப்பக்கத்தில் செப்டெம்பர் வரை நீடிப்பதால், அக்காலத்தில் மணியோசை கேட்காமல் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்த வேண்டியிருக்கிறது. கூரைக்குக் கீழே பலகையோ அட்டையோ அடித்தால் இரைச்சல் பெருமளவு குறையும். மழைக்காலத்தின் இன்னொரு தொல்லை பொச்சாப் பந்துகள். முறையான பந்துகள் இறக்குமதியாகி விலை அதிகமாக இருப்பதால், துணியும் மணலும் வைத்துத் தைத்த பந்துகளைப் பயன்படுத்துகிறார்கள். ஈரம் ஏறினால் அவை ஒரு பக்கமாகச் சாய்ந்தே உருளுகின்றன. சரியாகக் குறிபார்த்த ஒருவரின் பந்து வழிமாறிப் போவது அவருடைய முயற்சிக்குச் செய்யும் அநியாயம் என்பதால், கிடைக்கும் நன்கொடையில் முதலில் ஒரு தொகுதி நல்ல பந்துகளை வாங்குவதே பொருத்தம்.

தேநீர் இடைவேளைக்குப் பிறகு நடைபெறும் தப்பு மேளம், கும்மி, கோலாட்டப் பகுதியை நான் எதிர்பார்க்கவேயில்லை. தோட்டத்தில் மாசி மாதக் காமன் கூத்துக்கு அடிக்கும் தப்புக் கலைஞர் ஒருவர் வருகிறார். குளிரில் தோல் தளர்ந்துவிடும் என்பதால் மண்டபத்தின் பின்புறத்தில் காகிதத்தைக் கொளுத்தித் தப்புக்குச் சூடு காட்டிவிட்டு, பலகை மேடையின் மீது நின்று அடிக்கிறார். காது கேளாத பெண்கள் இருவர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மேடையில் நிற்கிறார்கள். பலகையில் ஏறும் அதிர்வைப் பாதத்தால் உணர்ந்து அடவு மாறுமிடத்தைப் பிடித்துவிடுகிறார்கள். அடி மாறும்போது கலைஞர் தோளை ஒருமுறை உயர்த்துவார். அதுவே அவர்களுக்கான சைகை. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் கோலாட்ட வட்டத்தின் உள்வரிசையில் இடம் பெறுகிறார்கள். தோட்டத்துக் கூத்திலும் திருவிழாவிலும் இவர்கள் இதுவரை பார்வையாளர் வரிசையில்தான் அமர்த்தப்பட்டு வந்தார்கள் என்பதை நினைக்கும்போது இப்பகுதியின் மதிப்பு புரியும்.

குறைகள் சில உண்டு, அவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உள்ள வளர்ந்தவர்களைச் சிறுபிள்ளைகள் போல நடத்தும் வழக்கம் இங்கேயும் இன்னும் நீங்கவில்லை. முப்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு வண்ணம் தீட்டும் பாலர் புத்தகத்தைக் கொடுத்து மூலையில் அமர்த்துவது அவருக்கான பொழுதுபோக்கு ஆகாது. அவர் கேரம் விளையாட விரும்பினார். ஒரு பலகையும் மண்டபத்திலேயே இருந்தது. பெண்களின் வருகையும் குறைவு. மகளைத் தனியே விடப் பெற்றோர் அஞ்சுவது இயல்பு. பயிற்றுநர்களில் ஒரு பெண்ணாவது எப்போதும் இருப்பார் என்ற உறுதியும், உடை மாற்ற ஒரு தனியறையும் இருந்தால் அந்த அச்சம் தணியும். கழிவறையைப் பற்றி எழுதவே மனம் வருந்துகிறது. இரண்டு படி ஏற வேண்டும், கதவு குறுகலானது, சக்கர நாற்காலி உள்ளே செல்லாது. இதனால் பலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். வாசலில் சாய்தளம் அமைத்தவர்கள் கழிவறையை மறந்துவிட்டார்கள். 2006ஆம் ஆண்டின் அணுகல் வசதி ஒழுங்குவிதிகளும், 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் பொதுக் கட்டடங்களின் கழிவறைகளையும் சேர்த்தே பேசுகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய குறை மண்டபத்துக்கு வெளியே இருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான மலையகத்து லயங்கள் பெரும்பாலும் சரிவில் அமைந்தவை. லயத்திலிருந்து வீதிக்கு வருவதற்கு மண்ணில் வெட்டிய படிகளும், மழையில் அரித்துப்போன ஒற்றையடிப் பாதையும்தான் வழி. ஒரு மீற்றர் உயரத்தை ஏறச் சக்கர நாற்காலிக்குப் பன்னிரண்டு மீற்றர் நீளச் சாய்தளம் வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் அளவு. இந்தக் கணக்கின்படி எங்கள் லயத்திலிருந்து தோட்டப் பாதைவரை சாய்தளம் அமைப்பது நடவாத காரியம். ஆகவே பிள்ளைகளை முதுகில் சுமந்துதான் இறக்குகிறோம். பிள்ளை சிறியதாக இருக்கும்வரை தாய் சுமப்பார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளை கனக்கத் தொடங்கும்போது, வெளியே போவது சிறிது சிறிதாகக் குறைந்து ஒருநாள் நின்றுவிடும். மண்டபத்தில் சிறுவர்களும் நடுவயதினரும் இருக்க, பதின்ம வயதினர் இவ்வளவு குறைவாக இருப்பது ஏன் என்பதற்கு இதுவே விடை. பஸ்ஸின் படிகள் உயரமானவை. சக்கர நாற்காலியை மடித்து ஓட்டோவின் பின்னால் கட்டிக்கொண்டு வருவதானால் கூலி ஏறிவிடுகிறது. நிகழ்ச்சிக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தாலும், வந்துசேருவதற்கு ஆகும் செலவு பலரை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறது.

தோட்டத்தில் சனிக்கிழமை வேலைநாள் என்பதையும் நடத்துவோர் கருத்தில் கொள்ளவில்லை. கொழுந்து பறிக்கும் தாய் பிள்ளையைக் கூட்டிவந்தால் அன்றைய பேர் விழாது, அந்த நாட்சம்பளம் போய்விடும். நகரத்து உத்தியோகத்தர் குடும்பங்களுக்குச் சனி வசதியான நாள். தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஞாயிறே ஓய்வு. பங்கேற்பாளர்களில் தோட்டத்தவர் தொகை குறைந்திருப்பதை ஆர்வமின்மை என்று யாரும் தவறாக எண்ணிவிடக் கூடாது.

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினர் ஏதோவொரு வகை இயலாமையுடன் வாழ்கிறார்கள். 2016 பெப்ரவரியில் நம் நாடு ஏற்புறுதி செய்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் பங்குகொள்வதை மற்றவர்களுக்குச் சமமான உரிமையாகவே ஏற்கிறது. டோக்கியோ பராலிம்பிக்கில் தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து தங்கம் வென்றபோது நாங்களும் பெருமையில் கண் கலங்கினோம். பதக்கம் வெல்லும் எண்ணமில்லாத, வாரத்தில் ஒரு நாளாவது நண்பர்களோடு ஆடிப்பாடித் திரும்ப விரும்பும் பெரும்பாலானவர்களுக்கும் அதே அக்கறை காட்டப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இடையிடையே ஏற்பாடு செய்யும் சுற்றுலாக்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹக்கல தாவரவியல் பூங்கா அழகானது, ஆனால் மலைச்சரிவில் அடுக்கடுக்காக அமைந்திருப்பதால் சக்கர நாற்காலியைத் தள்ளுபவர் களைத்துவிடுவார். மகாவலி மூன்று பக்கமும் சூழ்ந்த பேராதனைப் பூங்கா பெரும்பாலும் சமதரை. அகலமான பாதைகள் உண்டு. தூரமானாலும் அங்கே செல்வதே நல்லது. ரயிலை விட வேன் பொருத்தம், ஏனெனில் மேடைக்கும் பெட்டிக்கும் இடையிலான உயரத்தில் நாற்காலியோடு ஒருவரைத் தூக்கி ஏற்றுவது ஆபத்தானது.

குறைகளையெல்லாம் அறிந்த பிறகும் பிள்ளைகளை அனுப்புங்கள் என்றே சொல்வேன். முதன்முறை செல்பவர்கள் காலை ஒன்பது மணிக்குள் போய்ச் சேர்ந்தால், ஆட்டம் தொடங்கும் முன் பயிற்றுநரிடம் பிள்ளையைப் பற்றி நிதானமாகப் பேச நேரம் கிடைக்கும். வலிப்பு வருவதுண்டானால் அதையும், உட்கொள்ளும் மருந்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். குளிருக்கு மேலதிகமாக ஒரு கம்பளிச் சட்டையும், ஈரத் தரையில் படுத்து விளையாடினால் மாற்றுவதற்கு ஓர் உடுப்பும் கொண்டுசெல்லுங்கள். நிகழ்ச்சியை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றவும், மாதம் ஒருமுறையாவது தொழிலாளர் வேலைக்கு முன் கூடும் தோட்டத்துப் பிரட்டுக்களத்திலேயே நடத்தவும் கோரும் கடிதத்தில் பெற்றோர் கையொப்பமிட்டு வருகிறோம். அது மண்டபத்து வாசல் மேசையில் இருக்கிறது.